கவுன்டி தெருவில் கார்: 72, 48, 24

ஒரு மாதம் ஊருக்குக் கிளம்பும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில், டிக்கெட் போட்டு முடித்ததும் வரும் அடுத்த கேள்வி, இரண்டாவது காரை எங்கே விடுவது என்பதுதான். வீடு நகர எல்லைக்கு வெளியே, கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகம்) நேரடிப் பொறுப்பில் இருக்கும் பகுதியில் என்றால், "இங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள், வாசலிலேயே கிடக்கட்டும்" என்று யாராவது சொல்வார்கள். மீட்டர் இல்லை, போர்டும் இல்லை. விதி மட்டும் இருக்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் வேறு மாதிரி.

கலிபோர்னியாவில் கணக்கு 72 மணி நேரம். அந்த வட்டார நிர்வாகம் தனியாக விதி போட்டிருந்தால், அவ்வளவு நேரம் நகராமல் நின்ற வண்டியை இழுத்துச் செல்ல மாநில வாகனச் சட்டத்தின் 22651-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி அப்படிப் போட்டிருக்கிறது. போர்டு ஏதும் தடுக்காத தெருவில் ராத்திரி நிறுத்துவது பிரச்சினையே இல்லை. நாலாவது நாள்தான் பிரச்சினை. கார் புதுசு, இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதெல்லாம் இங்கே எடுபடாது. ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதியாகி ஆறு மாதம் தாண்டிவிட்டால் 72 மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

நகரவில்லை என்று எப்படித் தெரியும்? டயரில் அதிகாரி போட்டுவிட்டுப் போகும் ஒரு சாக்பீஸ் கோடு. மூன்று நாள் கழித்து வரும்போது கோடு அதே இடத்தில் இருந்தால் முடிந்தது கதை. இந்தக் கோடு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மிச்சிகனின் சாகினா நகர வழக்கில், டயரில் கோடு போடுவதே ஒரு சோதனைதான், நியாயமற்ற அரசுச் சோதனையைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் அதற்கும் பொருந்தும் என்று 2019-இல் ஆறாவது வட்ட (சில மாநிலங்கள் சேர்ந்த நீதிமன்ற எல்லை) மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சான் டியேகோ வழக்கில் 2022-இல் ஒன்பதாவது வட்டம், கோடு போடலாம், தப்பில்லை என்றது. கலிபோர்னியா ஒன்பதாவது வட்டத்தில் வருகிறது. ஆக, அங்கே சாக்பீஸ் பிழைத்துக்கொண்டது.

டெக்சாஸ் கதை வேறு. மாநிலச் சட்டமன்றம் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் அங்கே கவுன்டியால் விதி போட முடியாது. கைவிடப்பட்ட வண்டி என்று முத்திரை குத்தத்தான் 48 மணி நேரக் கணக்கு: ஓடாத, ஐந்து வயது தாண்டிய வண்டி பொது இடத்தில் அவ்வளவு நேரம் ஆளில்லாமல் நின்றால், அல்லது சட்டவிரோதமாக நின்றால், அல்லது கவுன்டி, மாநில நெடுஞ்சாலை எல்லைக்குள் ஆளில்லாமல் விடப்பட்டால். கடைசி வகையில் நல்ல வண்டியும் அடக்கம். குடியிருப்புத் தெருவில் ஒழுங்காக நிற்கும் ஓடும் காருக்கு இந்தச் சட்டம் பெரிதாகத் தொந்தரவு தராது. அங்கே தொந்தரவு தருவது பெரும்பாலும் எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கம். வீடு வாங்கியபோது படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் தெரு பார்க்கிங் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

வாஷிங்டன் மாநிலத்தில் முதலில் எச்சரிக்கை வரும். நிற்க அனுமதியில்லாத வண்டி சாலை எல்லைக்குள் நின்றால் போலீஸ் அதிகாரி அதில் கண்ணில் படும்படி ஸ்டிக்கர் ஒட்டுவார். ஒட்டிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் கெடு, அதற்குப் பிறகு இழுத்துச் செல்லலாம்.

உள்ளூரில் இருப்பவருக்கு வாஷிங்டன் முறைதான் நியாயம் என்பேன், சொல்லிவிட்டு எடுக்கிறார்கள். வார இறுதிப் பயணத்துக்குக் கலிபோர்னியாவின் 72 போதும். ஒரு மாதத்துக்கு? டெக்சாஸ் குடியிருப்புத் தெரு கொஞ்சம் தாங்கும், எச்.ஓ.ஏ. விட்டால். மற்ற இரண்டிலும் நண்பர் வீட்டு டிரைவ்வேதான் வழி, சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டு. சியாட்டிலுக்கு வெளியே கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை மதுரையிலிருந்து யார் படிப்பது?