மொரப்பூர் குட்டி ரயில்: 1:87-ஆ, 1:48-ஆ?

1906-இல் ஓடத் தொடங்கிய மொரப்பூர்–தருமபுரி சிறுபாதை ரயிலை மாதிரியாகச் செய்ய எனக்கு நெடுநாள் ஆசை. அந்தத் தண்டவாள இடைவெளி 762 மி.மீ.

1:87-இல், அதாவது நிஜ அளவை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது 8.8 மி.மீ. ஆகும், கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் போதும். ஒரே மேசையில் நிலையம், புளியமரம், ஏரிக்கரை எல்லாம் அடங்கிவிடும். ஆனால் ஆறடி ஆள் 21 மி.மீ.தான், முகம் வரைவது பெரும்பாடு.

1:48-இல் 15.9 மி.மீ. இதற்கு 16.5 மி.மீ. தண்டவாளம் இருக்கிறது, அரை மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கதவுக் கீல், பெட்டியின் ஆணிவரிசை, சக்கரத்தோடு சுழலும் இணைப்புத் தண்டு எல்லாவற்றையும் ஆசைதீரச் செய்யலாம். கை பிசகினாலும் அரம் போட்டுத் திருத்த இடமிருக்கும். வளைவுகளுக்குத்தான் மேசை பெரிதாக வேண்டும். சரி, அறையில் ஒரு பக்கச் சுவரை முழுதாக ஒதுக்கிவிட்டேன். 1:48-தான். சரளைக்கு ஊர் மணலையே சலித்துக்கொண்டிருக்கிறேன்.