எஸ்யூவிக்கும் பிக்கப்புக்கும் எந்த ஹைவே டயர்? நம் மலேசிய மழையை வைத்துச் சில கணக்குகள்

ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் வைத்திருப்பவர்கள், வண்டியோடு வந்த டயர் தேய்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தத் தடவை நல்ல டயராகப் போடலாம் என்றிருக்கிறேன், மிஷலினா, பிரிட்ஜ்ஸ்டோனா, காண்டினென்டலா? 265/60 ஆர்18 அளவில் நல்ல டயர் நான்கையும் மாற்றினால் இரண்டாயிரம் வெள்ளி சுலபமாகத் தாண்டிவிடும். அவ்வளவு பணம் போடுகிறவர் பிராண்டைக் கேட்கும் முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும். இந்த டயரை எந்த ஊர்ச் சாலைக்காகச் செய்தார்கள்?

ஆல் சீசன் ஹைவே டயர் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை அமெரிக்க விமர்சனங்கள். அங்கே ஒரே டயரில் ஜூலை வெயிலையும் ஜனவரிப் பனியையும் ஓட்டிச் சமாளிக்க வேண்டும். குட்இயர் 1977-இல் டியெம்போ டயரைக் கொண்டு வந்தது அதற்காகத்தான். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் ரப்பர் விறைத்துப் போகக் கூடாது. பனியைக் கவ்விப் பிடிக்க, சாலையைத் தொடும் டிரெட் முழுக்க மெல்லிய கீறல்கள் வேண்டும். நமக்கோ பட்டர்வொர்த்தில் விடியற்காலையிலேயே 24 டிகிரி. மதியம் தார்ச்சாலையில் கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டில், கீறல் அதிகமுள்ள டிரெட் கட்டைகள் பிரேக்கிலும் வளைவிலும் நெளியும். பனிக்காக விட்டுக்கொடுத்தது எதுவும் நமக்குத் திரும்பக் கிடைக்காது.

பக்கச் சுவரில் இருக்கும் எம்+எஸ் எழுத்துகளைப் பார்த்தும் மயங்க வேண்டாம். டிரெட்டின் வடிவத்தை வைத்து, பனியில் சோதிக்காமலே, தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளக்கூடிய குறி அது. மூன்று சிகர மலைக்குள் பனிப்படிகம் வரைந்த குறி இருந்தால்தான் பனிச் சோதனையில் தேறிய டயர். இரண்டுக்குமே பினாங்கில் வேலை இல்லை.

அமெரிக்கப் பட்டியல்களில் அடிக்கடி முதலில் வரும் மிஷலின் டிஃபெண்டர் எல்டிஎக்ஸ் எம்/எஸ் உண்மையிலேயே உழைக்கிற டயர். 70,000 மைல் வரை, அதாவது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் வரை, அங்கே உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் அந்த உத்தரவாதம் அங்கே வாங்கியவருக்கு, அதுவும் முறையாக டயரை இடம் மாற்றிப் போட்டதற்கு ரசீது வைத்திருப்பவருக்கு. யாரோ இறக்குமதி செய்து விற்பதை வாங்கும் நமக்கு அது பொருந்தாது. பிரிட்ஜ்ஸ்டோனின் அலென்சா விஷயத்திலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 80,000 மைல் உத்தரவாதத்தோடு விற்ற பிரிட்ஜ்ஸ்டோன் டூயலர் எச்/எல் அலென்சா பிளஸ் வேறு, நம் கடைகளில் இருக்கும் அலென்சா 001 வேறு. முன்னது நீண்ட ஆயுளுக்கான ஆல் சீசன் டயர். பின்னது தார்ச்சாலைப் பிடிப்புக்கும் ஸ்டீயரிங் துல்லியத்துக்குமானது. ஒன்றின் விமர்சனத்தைப் படித்துவிட்டு மற்றதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சரி, நமக்கு என்னதான் முக்கியம்? மழை. ஜூருவில் பிளஸ் நெடுஞ்சாலையில் ஏறிக் கோலாலம்பூர் போகிறவர்களுக்குக் கோலகங்சாரைத் தாண்டி மெனோரா சுரங்கப் பகுதி நன்றாகத் தெரியும். இறக்கம், வளைவு, பக்கத்தில் லாரி, திடீரென்று கொட்டும் மழை. அந்த இடத்தில் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஏழு இருக்கை வண்டியில் குடும்பத்தோடு போகும்போது, டயர் இன்னும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கு யாருக்கும் நினைவுக்கு வராது. ஆகவே என் ஒப்பீட்டில் ஈரச்சாலை பிரேக்தான் முதலில். சத்தமும் சொகுசும் அடுத்து. ஆயுள் அதற்கும் பிறகு.

ஈரப்பிடிப்பை அளக்கப் பக்கச் சுவரில் இருக்கும் எண்களை மட்டும் நம்ப முடியாது. அமெரிக்கத் தர முறையில் ஏஏ, ஏ என்று போடும் டிராக்‌ஷன் எழுத்து, ஈரமான தாரிலும் கான்கிரீட்டிலும் சக்கரத்தைப் பூட்டி நேராக வழுக்கவிட்டு அளப்பது. இன்றைய வண்டிகளில் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் இருக்கிறது, சக்கரம் பூட்டிக்கொள்வதே இல்லை. வளைவில் எப்படி என்பதும் அந்தச் சோதனையில் வராது. டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் டிரெட்வேர் எண்ணோ, 7,200 மைல் ஓட்டிப் பார்த்து, மீதியைத் தயாரிப்பாளர் கணித்துப் போடுவது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். மிஷலின் எண்ணையும் யோகோஹாமா எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. ஐரோப்பிய லேபிள் கிடைத்தால் அதிலுள்ள ஈரப்பிடிப்பு எழுத்தைப் பாருங்கள். அது ஈரச்சாலையில் பிரேக் பிடித்து அளந்தது. 2012-இல் அந்த லேபிள் வந்தபோது, 80 கிலோமீட்டர் வேகத்தில் முதல் வகுப்புக்கும் கடைசி வகுப்புக்கும் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரும் என்றார்கள். நான்கு கார் நீளம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால், குடும்ப எஸ்யூவிக்குப் போட்டி மூன்று டயர்களுக்கிடையில்தான்: மிஷலின் பிரைமசி எஸ்யூவி பிளஸ், காண்டினென்டல் அல்ட்ராகாண்டாக்ட் யூசி6 எஸ்யூவி, அலென்சா 001.

பிரைமசி எஸ்யூவி பிளஸ் ஈரப்பிடிப்பையும் அமைதியையும் குறிவைத்துச் செய்த டயர். பின்னிருக்கையில் அப்பா அம்மாவை உட்காரவைத்துத் தூரப் பயணம் போகிறவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பினாங்குப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் வரும் 'தடக்' கூட உள்ளே மென்மையாகத்தான் கேட்கும். பொதுவாக விலை மூன்றில் இதுதான் மேலே.

யூசி6 எஸ்யூவியும் ஈரச்சாலை பிரேக்கை மனத்தில் வைத்து வந்ததுதான். டிரெட்டை உற்றுப் பார்த்தால் கட்டைகளின் ஓரம் வைரத்தின் முனைபோல் வெட்டியிருக்கும். நீர்ப் படலத்தைக் கிழித்துத் தாரைத் தொடுவதற்கு. நீரை வெளியே தள்ளும் அகலமான நீள வாய்க்கால்கள் தனி. ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாக, சொன்ன இடத்தில் திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்கும். விலை இடைவெளி கணிசமாக இருந்தால் நான் யோசிக்காமல் இதையே சொல்வேன். மிஷலினில் கூடுதலாகக் கிடைப்பது அமைதிதான். அந்த அமைதிக்கு எவ்வளவு தரலாம் என்பது அவரவர் கைக்கணக்கு.

அலென்சா 001 நல்ல டயர், ஆனால் அதன் பலம் வேகமான, தாழ்ந்த, சாலைக்கே பிறந்த எஸ்யூவிகளில்தான் முழுதாகத் தெரியும். ஃபார்ச்சூனர்போல் ஏணி வடிவச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிய லேடர் சேசிஸ் வண்டிக்கு அந்தத் துல்லியம் பெரும்பாலும் வீண்.

பிக்கப் கதை வேறு. பின்னால் சிமெண்ட் மூட்டையோ கேட்டரிங் அண்டாவோ ஏறும் ஹைலக்ஸுக்குச் சொகுசு டயர் பொருந்தாது. அங்கே யோகோஹாமா ஜியோலாண்டர் எச்/டி ஜி056, பிரிட்ஜ்ஸ்டோன் டூயலர் எச்/டி 684 டூ இரண்டும்தான் நேருக்கு நேர். இரண்டும் எம்+எஸ் குடும்பத்து ஹைவே டயர்கள்தான். மேலே பனிக்கான டயர் வேண்டாம் என்றேனே என்று கேட்கலாம். சுமை ஏறும்போது கணக்கு மாறுகிறது. டிரெட் கட்டைகள் கெட்டியாக இருப்பதும், டயர் உள்ளே சூடேறாமல் இருப்பதும் முதல் தேவையாகிவிடுகிறது. பாரம் சுமக்கும் டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதலாக இருப்பதும் இதனால்தான். நெளிந்து நெளிந்து ஓடும்போது அது குறைவாகச் சூடாகும். நம் பாட்டிமார் ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து வெட்டிய பால் இன்றைக்கும் செய்கிற வேலை அது.

இரண்டில் எது? டூயலர் பல பிக்கப்புகளில் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. அதனால் எங்கும் கிடைக்கும். நடு வழியில் ஒன்று கிழிந்தாலும் ஈப்போவிலேயே ஜோடி தேடிவிடலாம். ஜி056 தூர ஓட்டத்தையும் நீண்ட ஆயுளையும் வைத்துச் செய்தது, எல்டி வகையிலும் வருகிறது. மாதம் பாதி நெடுஞ்சாலையில் இருப்பவருக்கு நான் ஜி056 என்பேன். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு டூயலர் போதும்.

எல்டி (லைட் டிரக்) எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது கனரகக் கட்டமைப்பு. அதே சுமையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். காலியாகப் போகும் வண்டியில் குலுக்கி எடுத்துவிடும். தினமும் பாரம் ஏற்றாதவர் பலமாக இருக்கட்டும் என்று இதை வாங்க வேண்டாம். அதற்குப் பதில் சுமைக் குறியீட்டைப் பாருங்கள். 110 என்றால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120. தொழிற்சாலை போட்டதைவிடக் குறைந்த எண் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

கடையில் தவுக்கே (முதலாளி) விலை சொன்னதும், டயரை மாட்டுவதற்கு முன்னால் பக்கச் சுவரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். டாட் (DOT) எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். "அண்ணே, எல்லாம் புது ஸ்டாக்தான்" என்பார் கடைப் பையன். இருக்கட்டும், நான்கு டயரிலும் பாருங்கள். நல்ல கடையில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும் மூன்று வருடம் கிடங்கில் கிடந்த டயருக்கு முழு விலை கொடுக்க நான் தயாரில்லை.

அப்புறம், எதை வாங்கினாலும் டிரெட் 1.6 மில்லிமீட்டர் ஆகும்வரை இழுக்காதீர்கள். அது சட்டத்தின் எல்லை. மழை அவ்வளவு பொறுக்காது. 3 மில்லிமீட்டர் வந்ததுமே நீரைத் தள்ளும் வேகம் நன்றாகக் குறைந்திருக்கும். காய்ந்த சாலையில் வித்தியாசமே தெரியாது என்பதுதான் ஆபத்து. உள்ளங்கையை டிரெட்டின் குறுக்கே இரண்டு திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பம்போலவும் பட்டால் சக்கரங்களின் அலைன்மென்ட் போயிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் மாட்டும் பிரைமசியும் யூசி6-உம் ஒரே வேகத்தில்தான் வீணாகும். பினாங்கில் செப்டம்பரிலேயே மழை வலுத்துவிடும். மாற்றுவதென்றால் ஆகஸ்டிலேயே மாற்றிவிடுங்கள்.