பழைய செங்கால் கட்டை வாங்குகிறீர்களா? என் 9,200 ரிங்கிட் போய்விட்டது

எழுதும்போதே கை நடுங்குகிறது, அவ்வளவு கோபம். புது வீட்டு வாசலுக்குச் செங்கால் மரத்தில் நிலையும் கதவும் போட ஆசைப்பட்டேன். மலாய்த் தீபகற்பக் காடுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் அது. கறையான் எளிதில் தொடாது. வளர்வதோ மிக மெதுவாக. வெட்டி வெட்டி இன்று அழியும் நிலைக்கு வந்துவிட்டது. அதனால்தான் புது மரம் வேண்டாம், இடித்த வீட்டின் பழைய உத்திரம் போதும் என்று தேடினேன்.

இணைய விற்பனைத் தளம் ஒன்றில் ஒரு மரக்கடை கிடைத்தது. போனில் பேசியவர் நல்ல தமிழில், "அண்ணே, கம்பத்து (கிராமத்து) வீட்டு உத்திரம், இனி இப்படிக் கிடைக்காது" என்றார். மாதிரித் துண்டும் அனுப்பினார். என் தச்சர் சீவிப் பார்த்து, அசல் செங்கால்தான் என்றார். அந்தத் துண்டை நம்பித்தான் 9,200 ரிங்கிட்டையும் கட்டினேன்.

லோரியில் வந்து இறங்கியது வேறு மரம். தச்சர் ஒரு சட்டத்தைத் தனியாளாகத் தூக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். காய்ந்த செங்கால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் இருக்கும். சீவினால் கருஞ்சாயத்துக்கு அடியில் வெளுத்த மரம், சிறு துளைகள், அவற்றிலிருந்து மாவு கொட்டுகிறது.

கடைக்காரரிடம் கேட்டால், "செங்கால்னா ஊசித் துளை இருக்கும்ணே" என்கிறார்! இருக்கும்தான். ஆனால் மாவு கொட்டாது. அப்புறம் லோரிக்காரன் மாற்றிப் போட்டிருப்பான் என்றார். அப்புறம் முதலாளி வெளியூரில். அப்புறம் என் எண்ணையே முடக்கிவிட்டார். தளத்துக்குப் புகார் எழுதினால், விற்பனையாளரையே தொடர்புகொள்ளச் சொல்லிப் பதில் வருகிறது. 9,200 ரிங்கிட்! அழிந்துகொண்டிருக்கும் மரத்தின் பெயரைச் சொல்லியே கொள்ளையடிக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. மாதிரித் துண்டை நம்பாதீர்கள். வந்து இறங்கும் கட்டையையே சீவிப் பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள். ரசீதில் மரத்தின் பெயர் இருக்க வேண்டும், எனக்குக் 'கடின மரம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். சந்தேகம் என்றால் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தில் என்ன மரம் என்று சோதித்துச் சொல்வார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட். நான் மனு போடுகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள்.