அதிகாரபூர்வத் தளமா, ஆர்வலர் தளமா?

கட்டற்ற மென்பொருள் எதை எடுத்தாலும் அதற்கென்று ஓர் அதிகாரபூர்வத் தளம் இருக்கும், கூடவே பயனர்கள் நடத்தும் தளங்களும் இருக்கும். எதை நம்புவது என்று கேட்பவரிடம், எதற்காகப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

மென்பொருளை இறக்கிக்கொள்ள என்றால் அதிகாரபூர்வத் தளம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு இறக்க முடியாது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், அதன் 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பை, கள்ளத்தனமாக நுழையப் பின்கதவு வைத்த ஓர் ஐஎஸ்ஓ நிறுவல் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். சரியான முகவரிக்குப் போனவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறியீடான ஹேஷை ஒப்பிட்டால் மட்டும் போதாது. அது அதே தளத்தில் இருந்தால், புகுந்தவர் அதையும் மாற்றிவிடலாம். வெளியிட்டவர்கள் தங்கள் ரகசியச் சாவியால் இடும் ஜிபிஜி கையொப்பத்தையும் சரிபாருங்கள்.

ஆர்வலர் தளங்களுக்கு வரும் ஆபத்து வேறு மாதிரி. டெபியன்-மல்டிமீடியா.ஆர்க் என்ற தளம், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் கிடைக்காத, ஒலி, காணொளிக் கோப்புகளை இயக்க உதவும் கோடெக்குகளைப் பல ஆண்டுகள் தந்துவந்தது. அப்புறம் அதன் பெயர் மாறியது, பழைய டொமைன் காலாவதியானது, முன்பின் தெரியாத யாரோ அதைப் பதிவுசெய்துகொண்டார்கள். மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்று கணினிக்குச் சொல்லும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பிலிருந்து அந்தத் தளத்தின் வரியை நீக்கிவிடுங்கள் என்று 2013 ஜூனில் டெபியனே அறிவிக்க வேண்டியதாயிற்று. எப்போதோ சேர்த்துவிட்டு மறந்துபோன ஒரு வரிதான்! நடத்தியவர் கெட்டவர் இல்லை, டொமைன் கைமாறியதுதான் பிரச்சினை.

இதோடு ஆர்பிஎம் ஃபியூஷனை வைத்துப் பாருங்கள். ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு அதுவும் வெளியார் நடத்தும் மென்பொருள் களஞ்சியம்தான். ஆனால் டிரிபிள், ஃபிரெஷ்ஆர்பிஎம்ஸ், லிவ்னா என்ற மூன்று களஞ்சியங்கள் ஒன்றுசேர்ந்து உருவானது, அதனால் ஒரே ஆளை நம்பி நிற்கவில்லை. ஃபெடோராவின் சொந்த ஆவணங்களே அதைச் சுட்டிக்காட்டுகின்றன. வெளித் தளம் எதையும் எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அதிகாரபூர்வத் தளத்திலிருந்து அங்கே போக வழி இருக்கிறதா?

கற்றுக்கொள்ள என்றால் என் ஓட்டு பெரும்பாலும் வெளியாருக்குத்தான். அதிகாரபூர்வ ஆவணம் எல்லா விருப்பத்தேர்வுகளையும் விளக்கும். பயனர் எழுதியதோ, தான் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதிலிருந்தே தொடங்கும். ஆர்ச் விக்கி ஆர்ச் லினக்ஸுக்காக எழுதப்பட்டது, ஆனால் டெபியன், ஃபெடோரா பயனர்களும் அங்கே போய்த்தான் தீர்வு தேடுகிறார்கள். மென்பொருள் தொகுப்புகளின் பெயர்கள் மாறலாம், கவனம். தேதியும் பதிப்பு எண்ணும் இல்லாத வழிகாட்டியிலிருந்து எந்தக் கட்டளையையும் நான் கட்டளைத் திரையான டெர்மினலில் ஒட்டுவதில்லை, அதிலும் நிர்வாகி அதிகாரத்தோடு இயக்கும் சூடோ இருந்தால் கட்டாயம் இல்லை.