வால்பாறையில் மூன்று நாள், லேப்டாப் இல்லாமல்

இரண்டு வருடமாக லீவே எடுக்காமல் ஓடினேன். ஞாயிறு சாயங்காலமானால் வயிற்றைப் பிசையும், போன் அதிர்ந்தாலே எரிச்சல், வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். சரி, இனி தாங்காது என்று லீவு போட்டுவிட்டு வால்பாறையில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு ஹோம்ஸ்டேக்குப் போனேன். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, ஒன்பதாவதில் பாறை மேல் வரையாடு நின்றுகொண்டிருந்தது.

அறை சுமார்தான். முதல் நாளே கீசர் வேலை செய்யவில்லை, கேட்டதும் சமையல் அக்கா விறகடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் வைத்துக் கொடுத்தார், அந்தக் குளியலுக்காகவே இன்னொரு தடவை போகலாம். ராத்திரி கொள்ளு ரசம் பிரமாதம். வைஃபை கிடையாது, வாசல் கொய்யா மரத்தடியில் மட்டும் ஒரு கோடு சிக்னல். முதல் நாள் பத்து தடவையாவது அந்த மரத்தடிக்குப் போயிருப்பேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து பாக்கி வேலைகளை எழுதினேன். மொத்தம் 14. நான் செய்தே ஆக வேண்டியது நாலுதான், மற்றதெல்லாம் முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவை. திரும்பி வந்ததும் ஐந்தை மேனேஜரிடமே கொடுத்துவிட்டேன், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்!

குறை என்றால் வாடகைதான், அந்த அறைக்கு அதிகம். சனி ஞாயிறு கூட்டம் அம்மும், வார நாளில் போங்கள். மழைக்காலம் என்றால் அட்டைக்கு உப்புப் பொட்டலம் மறக்காதீர்கள்.