சம்பளப் பாக்கிக்கு சி.சி.எம்.ஏ.: தீர்ப்பு கிடைக்கும், பணம்?

சம்பளம் பாக்கி நின்றால், "வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது, போனது போகட்டும்" என்று தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலும் லெனேசியாவிலும் நம்மவர் பலர் கைகழுவிவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. சி.சி.எம்.ஏ. என்று எல்லாரும் சொல்லும் சமரச ஆணையத்தில் மனுக் கொடுக்க ஒரு சென்ட் கட்டணம் கிடையாது. 2019 ஜனவரி 1-இல் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தில் 73ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தபின், இன்னும் வேலையில் இருப்பவர்கூட வெறும் சம்பளப் பாக்கிக்காக நேராக இங்கே வரலாம்.

மனுவிலிருந்து தீர்ப்பு வரை நல்ல சேவை. தீர்ப்பைப் பணமாக்கும் கட்டத்தில்தான் தொய்வு. அந்தத் தொய்வு பல வழக்குகளில் முதல் நாள் படிவத்தில் எழுதிய ஒரு வரியிலேயே தொடங்கிவிடுகிறது. அது முதலாளியின் பெயர்.

கடைப் பலகையில் இருப்பது வியாபாரப் பெயர். சட்டப்படி உங்களுக்குக் கடன்பட்டது அதன் பின்னால் இருக்கும் கம்பெனியோ தனி ஆளோ. பலகைப் பெயரை மட்டும் எழுதித் தீர்ப்பு வாங்கினால், தீர்ப்புப்படி பொருளைப் பறிமுதல் செய்யும் நீதிமன்ற அதிகாரியான ஷெரிப் போய் நிற்கும்போது "அந்தப் பெயரில் இங்கே எதுவும் இல்லை" என்று திருப்பி அனுப்பலாம். சரியான பெயர் சம்பளச் சீட்டில் இருக்க வேண்டும். சீட்டே தராத இடமென்றால், வாட் வரி வசூலிக்கும் கடையின் பில்லைப் பாருங்கள். விற்பவர் பெயரும் வாட் எண்ணும் இருக்கும். வங்கிக் கணக்கில் சம்பளம் போட்ட பெயரும் உதவும். கம்பெனிப் பதிவு அலுவலகமான சி.ஐ.பி.சி. தளத்தில் தேடிப் பதிவு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கம்பெனிப் பெயரை முதலில் போட்டு, இன்ன பெயரில் வியாபாரம் செய்பவர் என்று பலகைப் பெயரை அடுத்துப் போடலாம்.

அடுத்தது கணக்கு. "மூன்று மாசம் தரவில்லை" என்று வாயால் சொன்னால் வழக்கை விசாரிக்கும் ஆணையக் கமிஷனருக்குப் போதாது. சட்டப்படி மாதச் சம்பளம் என்பது வாரச் சம்பளத்தின் நாலே மூன்றிலொரு மடங்கு. வாரம் 45 மணி நேர வேலைக்கு மாதம் 195 மணி நேரம் ஆகிறது. மாதம் 9,000 ரேண்ட் வாங்குபவருக்கு மணிக்கு 46.15, ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 69.23. வழக்கமாக ஞாயிறு வேலை இல்லாதவர் ஞாயிறு வந்தால் இரட்டைச் சம்பளம். இதையெல்லாம் மாதவாரியாக ஒரே தாளில் எழுதி, வேலை முடிந்துபோனவர் எடுக்காத விடுப்புக்கான தொகையையும் கீழே சேர்த்துவிடுங்கள்.

குறைந்தபட்சக் கூலியையும் ஒருமுறை சரிபாருங்கள். 2025 மார்ச் 1-இல் அது மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது; மாதம் 195 மணிக்கு 5,614.05. "சாப்பாடு போடுகிறோம், தங்க அறை கொடுத்திருக்கிறோம்" என்று சமையல்காரர்களிடம் முதலாளிகள் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. சாப்பாடு, தங்குமிடம், டிப்ஸ் எதுவும் குறைந்தபட்சக் கூலியில் சேராது என்று சட்டமே சொல்கிறது. உடைந்த பாத்திரம், கல்லாவில் குறைந்த பணம் என்று பிடிப்பதற்கும் எல்லை உண்டு: பிடிக்குமுன் தொழிலாளி பதில் சொல்ல வாய்ப்புத் தந்து, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்; பிடிப்பது சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது.

மனுப் படிவத்தின் எண் 7.11. வழக்கு வகையைக் குறிக்கும் இடத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "நியாயமற்ற தொழில் நடைமுறை" என்ற தலைப்பு சம்பளப் பாக்கிக்கு உரியது போலத் தோன்றும். அது வேறு வகை. 73ஏ என்று தெளிவாக எழுதுங்கள். சம்பளம் கேட்டதற்காக வேலையைவிட்டே அனுப்பியிருந்தால் அது தனி வழக்கு; நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாண்டினால் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுத் தனியாக விண்ணப்பிக்க நேரும். சம்பளப் பாக்கிக்கு அந்த 30 நாள் கெடு இல்லை. ஆனால் பொதுவாகக் கடன் மூன்று ஆண்டில் காலாவதியாகும் என்பதால் ஆறப் போடாதீர்கள்.

படிவத்தின் நகலை முதலில் முதலாளியிடம் சேர்க்க வேண்டும். சேர்த்ததற்கான அத்தாட்சி இல்லாத மனு நகராது. கையில் கொடுத்தால் கையெழுத்து, மின்னஞ்சல் என்றால் அனுப்பிய பிரதி, பதிவுத் தபால் என்றால் ரசீது. வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியதை மட்டும் நம்ப வேண்டாம்.

மொழி ஒரு குறை. அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவு வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அது ஆட்சி மொழி அல்ல. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து ஆங்கிலம் சரளமாக வராதவர்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று மனுக் கொடுக்கும்போதே எழுத வேண்டும். விசாரணை நாளன்று காலை கேட்டால் வழக்கு தள்ளிப்போகக்கூடும். வேலை பெர்மிட் இல்லையே என்று பயப்படுகிறவர்களுக்கு: செல்லுபடியாகும் பெர்மிட் இல்லாதவரும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிதான் என்று 2008-இல் டிஸ்கவரி ஹெல்த் வழக்கில் தொழிலாளர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியேற்றச் சிக்கல் வேறு, உழைத்த கூலி வேறு.

சமரசப் பேச்சில் வக்கீல்களுக்கு இடமில்லை. இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சம் இதுவே; பெரிய கம்பெனி மேலாளரும் தட்டு கழுவுபவரும் சமமாக உட்கார்ந்து பேச வேண்டும். தொழிற்சங்கத்தில் இருந்தால் சங்க அலுவலரை அழைத்துப் போகலாம். அங்கே முதலாளி, "மாசம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன்" என்பார். ஒப்புக்கொள்வதில் தப்பில்லை, தாளில் என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் முக்கியம். மொத்தத் தொகை, ஒவ்வொரு தவணையின் தேதி, வங்கிக் கணக்கு எண், ஒரு தவணை தவறினால் மிச்சம் முழுதும் உடனே தர வேண்டும் என்ற வரி, 142ஏ பிரிவின்படி இந்த ஒப்பந்தத்தைத் தீர்ப்பாக்கலாம் என்ற வரி: ஐந்தும் இல்லாதவரை கையெழுத்துப் போடாதீர்கள். "கூடிய சீக்கிரம் தருகிறேன்" என்று எழுதிய ஒப்பந்தத்தை வைத்து ஷெரிப் எதுவும் செய்ய முடியாது.

சமரசம் ஆகாவிட்டால் நடுவர் விசாரணை, பல சமயம் அதே நாளில். நீங்கள் வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். முதலாளி வராவிட்டால் அவர் இல்லாமலே தீர்ப்பு வரலாம். ஆனால் நோட்டீஸ் கிடைக்கவில்லை என்று அவர் பிறகு ரத்துக் கேட்க வழியுண்டு. நகல் சேர்த்த அத்தாட்சி அப்போது உங்களைக் காப்பாற்றும்.

விசாரணை முடிந்து 14 நாளில் தீர்ப்பு வர வேண்டும். அதற்கும் முதலாளி அசையவில்லை என்றால் 7.18 படிவத்தில் தீர்ப்பைச் சான்றிடச் செய்து, ஷெரிப்பிடம் கொண்டுபோக வேண்டும். இங்கேதான் ஆணையத்தின் கை எட்டவில்லை. அதுவரை தானே எல்லாவற்றையும் நடத்திய அலுவலகம், இதற்கு மேல் அலைச்சலைத் தொழிலாளியிடம் விட்டுவிடுகிறது. எந்த முகவரிக்குப் போவது, அங்கே வண்டி இருக்கிறதா, ஃபிரிட்ஜ் இருக்கிறதா, அடுப்பு யாருடையது என்று நீங்களே குறித்துக்கொடுத்தால்தான் வேலை நடக்கும். தீர்ப்புத் தொகைக்கு வட்டி ஏறும் என்பதையும் கணக்கில் எழுதுங்கள்.

எல்லாருக்கும் இந்த வாசல் பொருந்தாது. ஆண்டுச் சம்பள வரம்புக்கு (2025 ஏப்ரல் 1-இல் அது 261,748.45 ரேண்டாக இருந்தது) மேல் சம்பாதிப்பவர் 73ஏ வழியில் வர முடியாது. தொழிலாளர் நீதிமன்றம் போகலாம், கோரிக்கை 20,000 ரேண்டுக்குள் என்றால் சிறு வழக்கு நீதிமன்றமும் உண்டு. துணித் தொழிற்சாலை, சரக்கு லாரித் துறை போன்றவற்றுக்குத் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் தனி பேர மன்றங்கள் இருப்பதால் முதலில் அங்கே விசாரியுங்கள். கம்பெனி திவாலாகிவிட்டது என்று கேள்விப்பட்டால் ஷெரிப்பை எதிர்பார்த்து உட்காராமல் கம்பெனிச் சொத்தை விற்றுக் கடன்களைத் தீர்க்கும் லிக்விடேட்டரிடம் உடனே கோரிக்கை பதிவு செய்யுங்கள். மூன்று மாதம் வரையான பாக்கிச் சம்பளத்துக்கு 12,000 ரேண்ட் வரை அங்கே முன்னுரிமை உண்டு.