மழைக்கு முன்னால் ‘மரம் கழிக்க’ வருகிறவர்கள்: வீட்டில் பெரிய மரம் இருந்தால் படியுங்கள்

புரட்டாசி பிறந்தால் புறநகர்த் தெருக்களில் மினி லாரியோடு வந்து, “மரம் கழிக்கணுமா?” என்று கேட்டைத் தட்டுகிறவர்கள் உண்டு. அவர்களில் வேலை தெரிந்த நல்லவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் அப்படி இல்லை.

தாம்பரம் பக்கம் அம்மா தனியாக இருக்கும் வீட்டில் அப்பா வைத்த பங்கனபள்ளி மாமரம் ஒன்று இருக்கிறது. முப்பது வருடத்தைத் தாண்டிய மரம். அதில் ஒரு கிளை காய்ந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டும், சர்வீஸ் ஒயரில் உரசும் சின்னக் கொப்புகளை எடுக்க வேண்டும், வேறு எதிலும் கை வைக்கக் கூடாது என்று போனில் தெளிவாகச் சொன்னேன். ஒன்பதாயிரம் பேசி, பாதி முன்பணமும் கொடுத்தாயிற்று.

நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பவர் சாவோடு வந்தார்கள். “அம்மா, வர்தா புயல்ல இந்தப் பக்கம் எவ்ளோ மரம் சாஞ்சுதுன்னு தெரியும்ல? இவ்ளோ தலைக்கனம் இருந்தா ஒரே காத்துல வீட்டு மேலயே விழும்” என்று ஆரம்பித்திருக்கிறார். அம்மா, “வேணாம்ப்பா, பொண்ணு சொன்னத மட்டும் எடுங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. மதியத்துக்குள் மரம் மொட்டை.

சாயங்காலம் நான் பார்த்தபோது அடிமரமும் கை மாதிரி ஐந்து கட்டைகளும்தான் நின்றன. ஒரு இலை இல்லை. தொடை கனத்துக் கிளைகள் அத்தனையும் லாரியில் போய்விட்டன. இலையும் சுள்ளியும் வாசல் வரை குவிந்து கிடந்தன. அதை அள்ளத் தனியாக இரண்டாயிரம் கேட்டார். எந்தக் காய்ந்த கிளைக்காக அவரைக் கூப்பிட்டோமோ, அது அப்படியே ஷீட்டுக்கு மேல் நின்றது. பூச்சி அரித்த கட்டையை யார் வாங்குவார்கள்? பச்சை மாங்கட்டை பிளைவுட்டுக்கும் பேக்கிங் பெட்டிக்கும் போகும். எங்களிடம் கூலியும் வாங்கிக்கொண்டு எங்கள் மரத்தையும் விற்றிருக்கிறார்.

வெட்டுவாய்களில் கறுப்பாக எதையோ பூசி, மருந்து என்று அதற்கும் காசு கேட்டார். தொட்டு மோந்து பார்த்தேன், வண்டியின் கழிவு ஆயில். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களைப் பவர் சாவால் அறுத்து உள்ளே பார்த்தவர். வெட்டுக்காயத்தில் பெயின்ட் பூசுவது அழுகலைத் தடுக்காது என்று காட்டினார். மரம் தன் காயத்தைத் தானே உள்ளிருந்து சுவர் வைத்து அடைத்துக்கொள்கிறது. அதற்கு வசதியான இடம், கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் லேசாகப் புடைத்திருக்கும் வளையம். அந்த வளையத்துக்கு வெளியே ஒட்டி வெட்ட வேண்டும். எங்கள் மரத்தில் சில இடங்களில் வளையத்தையே சீவிவிட்டார்கள். சில இடங்களில் முழங்கை நீளம் கட்டை விட்டிருக்கிறார்கள். ஒரு கிளை விழும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு மேலே அறுத்தால் பட்டை கிழியாது. கயிறு கட்டி இறக்கும் எந்த ஆளுக்கும் இது தெரியும்.

வர்தா பற்றிச் சொல்லி அம்மாவைப் பயமுறுத்தினாரே, அதுதான் எனக்கு அதிகக் கோபம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையில் விழுந்த மரங்களில், கால்வாய்க்கும் கேபிளுக்கும் தோண்டும்போது வேர் அறுபட்டவையும், அடிவரை சிமென்ட் போட்டு மூச்சு முட்டியவையும் உண்டு. மொட்டையடிப்பது அதற்கு வைத்தியம் இல்லை. இலை போனால் வேருக்குச் சோறு இல்லை. அப்புறம் பட்டைக்கு அடியிலிருந்து போத்து, அதாவது புதுக் கிளைகள், கொத்துக் கொத்தாகக் கிளம்பும். பழைய கிளை மாதிரி அது மரத்துக்குள் ஆழமாகப் பிடித்திருக்காது. சில வருடத்தில் கனம் ஏறியதும் காற்றுக்குப் பிய்த்துக்கொண்டு வருவது அந்தப் போத்துதான். மரத்தை முன்பைவிட ஆபத்தாக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

காய்ப்பும் போயிற்று. மா, முற்றிய கிளை நுனியில் மார்கழி, தை வாக்கில் பூக்கும். ஐப்பசியில் நுனியை எல்லாம் எடுத்துவிட்டால் பூ எங்கே வரும்? மாவுக்குக் கவாத்து, அதாவது கிளை கழிப்பது, காய் பறித்து முடித்த ஆடி, ஆவணியில்தான். அதுவும் காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது, இவ்வளவுதான். ஒரு தடவையில் கால் பங்கு இலைக்கு மேல் போகக் கூடாது.

குடும்பத்துக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தோட்டக்கலை அலுவலர் ஒருவர் வந்து பார்த்தார். வெயில் பட்டுப் பட்டை வெடிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். போத்தில் நல்லதாக, இடைவெளி விட்டு வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வருடா வருடம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டுமாம். காய்ந்த கிளையை வேறு ஆள் வைத்து எடுத்தோம்.

ஆள் கூப்பிடும்போது கட்டை யாருக்கு என்று முதலிலேயே கேளுங்கள். வெட்ட வேண்டிய கிளைகளில் சாக்பீஸ் கோடு போட்டு, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, “இது மட்டும்” என்று எழுதி வாங்குங்கள். ஒயர் பக்கம் என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் ஆள் ஏற வேண்டும். வீட்டில் யாராவது பக்கத்தில் நிற்காமல் மெஷினை எடுக்கவே விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் போய்க் கேட்கலாம்.

இந்த வருடம் அதே ஆள் மறுபடி வந்து நின்றார். “போத்து ஜாஸ்தியா வந்துருக்கும்மா, காத்துக்குத் தாங்காது, திரும்ப அடிச்சு விடவா?” என்று அம்மாவிடமே கேட்கிறார். அம்மா கேட்டைத் திறக்கவில்லை. அங்கிருந்து அடுத்த தெருவில் ஒரு பெரிய வேப்பமரத்துக்கு முன்னால் போய் வண்டியை நிறுத்தியிருக்கிறார். அந்த வீட்டிலும் வயதானவர்கள்தான். நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்றைக்கே சொல்லி வையுங்கள், ஐப்பசி வரப்போகிறது.